மாடம் எடுத்த மன்னர்

மதுரை மாநகரின் மேற்றிசையிலே காளவாசல் என்னும் பகுதி உளது. பேருந்துகளும் பிற ஊர்திகளும் இடையறாது செல்லும் நாற்சந்தியாக அஃது இன்று விளங்குகின்றது. காளவாசல் என்பது செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகின்ற சூளைக்குப் பாண்டிநாட்டு மக்கள் வழங்கும் பெயர். காளவாய் என்பதும் அதுவே. மண்ணைச் சுட்டுக் கல்லாக்கியும், கல்லைச் சுட்டு நீறாக்கியும், அவ்விரண்டையும் கூட்டி மாடமும் கூடமும் எடுத்தும் வாழ்ந்த ஒரு பழந்தொழிலின் நினைவு அப்பெயரிலே தங்கியிருக்கின்றது. அத்தொழில் மதுரையில் உச்சநிலை எய்தியது திருமலை நாயக்கர் காலத்திலாகும். அவர் போர்க்களத்திற் பெற்ற வெற்றிகளை வரலாறு கற்றோரே அறிவர். அவர் எடுத்த தூண்களையோ மதுரைக்கு வந்து செல்லும் சிறு குழந்தையும் அறியும்.

விசயநகரப் பேரரசின் ஆணைக்கு உட்பட்டு மதுரையில் நாயக்கர் ஆட்சி நிறுவப்பெற்றது 1529ஆம் ஆண்டில். நிறுவியவர் விசுவநாத நாயக்கர். அவர் மரபில் வந்த முத்துவீரப்ப நாயக்கர் தம் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றிக்கொண்டார். அவர் 1623இல் மறையவே, அவர் தம்பியாராகிய திருமலை நாயக்கர் அரசுகட்டில் ஏறினார். அக்காலத்தில் அவரை மண்டைச்சளி என்னும் நோய் பெரிதும் வருத்திற்று. மருத்துவர் பலர் முயன்றும் அது தீரவில்லை. மதுரைக்கு வரும் வழியில் திண்டுக்கல்லிலே அவர் துயின்றபோது அங்கயற்கண்ணியும் சொக்கநாதரும் கனவில் தோன்றி நோய் தீர்த்தனர் என்றும், அதுமுதல் மதுரையிலேயே தங்கித் திருப்பணி செய்வதாக அவர் உறுதி பூண்டனர் என்றும் கூறுவர். எவ்வாறாயினும், தலைநகரம் மீண்டும் மதுரைக்கு வந்தது. வைகைக்கரை நகரம் கொத்தர்க்கும் கற்றச்சர்க்கும் சூளைக்காரர்க்கும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓயாத வேலை தரும் நகரமாயிற்று.

அவர் ஆட்சி அமைதியான ஆட்சி அன்று. தொடக்கத்திலேயே மைசூர்ப்படை திண்டுக்கல் வரை வந்தது. தளவாய் இராமப்பையர் அதனைத் துரத்தினார். சேதுநாட்டிலும் போர் மூண்டது. விசயநகர வேந்தரோடு பகைத்து வடக்கேயிருந்த சுல்தான்களின் துணையை நாடியமை அவர் செய்த பெரும்பிழை என்றே கூறவேண்டும்; அத்துணை பின்னர்ச் சுமையாக முடிந்தது. இறுதிக்காலத்தில் மைசூர்ப்படை மீண்டும் புகுந்து, அகப்பட்டவர் மூக்கை அறுத்த கொடுமையும் நிகழ்ந்தது. அப்பொழுது இரகுநாத சேதுபதி பெரும்படையுடன் வந்து துணைநின்றார். இத்துணைப் பூசல்களுக்கு நடுவே, கட்டடப் பணியை அவர் ஒருநாளும் கைவிட்டாரல்லர் என்பதே வியப்பு.

அவர் எடுத்த பணிகளுள் முற்பட்டது புது மண்டபம். மீனாட்சியம்மன் திருக்கோயிலின் கீழைக் கோபுரத்திற்கு எதிரே, இளவேனில் விழாவின்பொருட்டு அஃது எழுந்தது. நீளம் 333 அடி. அகலம் 105 அடி. நான்கு வரிசையாக நிற்கும் தூண்கள் 124. இதன் தலைமைச் சிற்பியார் சுமந்திரமூர்த்தி ஆசாரி என்பர். விசுவநாதர் முதல் திருமலை நாயக்கர் ஈறாக நாயக்க மன்னர் உருவங்களை இங்குள்ள தூண்களிற் காணலாம். காண்போர் பெரும்பாலும் சிற்பங்களையே நோக்கி மயங்குகின்றனர். தூணுக்கும் தூணுக்கும் இடையேயுள்ள வெளியை நோக்குவோர் அரியர். அவ்வெளி ஏன் அவ்வளவு சிறிதாக உளது? நூற்றிருபத்து நான்கு தூண்களை நெருங்க நிறுத்துவானேன்? பாதித் தூண்களை நீக்கி, இடத்தை விரிவாக்கியிருத்தல் ஆகாதோ?

ஆகாது என்பதனைப் பள்ளி மாணவர் தாமே சோதித்து அறியலாம். நீண்ட அழிப்பான் ஒன்றை எடுத்து, அதன் பக்கவாட்டில் மையினால் நெருக்கமாக நெடுங்கோடுகள் வரைக. அதனை இரு புத்தகங்களின்மேற் பாலம்போலக் கிடத்தி, நடுவே விரலால் அழுத்துக. அழிப்பான் வளையும். அப்பொழுது கோடுகளை உற்று நோக்கினால், மேற்புறத்தில் அவை ஒன்றையொன்று நெருங்குதலும், கீழ்ப்புறத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலகுதலும் புலப்படும். மேற்புறம் நசுக்கப்படுகின்றது, கீழ்ப்புறம் இழுக்கப்படுகின்றது. இரு தூண்களின்மேற் கிடக்கும் கல் உத்தரத்திலும் இதுவே நிகழ்கின்றது. கல் வளைவது கண்ணுக்குத் தெரியாது என்பது ஒன்றே வேறுபாடு.

கருங்கல் நசுக்கும் விசைக்கு அஞ்சுவதன்று. ஆயின் இழுக்கும் விசைக்கு மிகவும் அஞ்சும். நசுக்குதலைத் தாங்கும் ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கோ, அதனினுங் குறைவோதான் இழுத்தலைத் தாங்க அதற்கு உண்டு. மேலும், கல்லின் கனத்தை மாற்றாமல் தூண்களின் இடைவெளியை மட்டும் இருமடங்காக்கினால், தன் எடையால் அக்கல்லின் அடிப்புறத்தில் உண்டாகும் இழுவிசை இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. நம் சிற்பியர் இதனைக் கணக்காக எழுதிவைத்தாரல்லர். உத்தரங்கள் உடைந்த இடங்களைக் கண்டு கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். ஆதலின் தூண்களை நெருங்க வைத்தனர். தூணின் தலையில் இருபுறமும் நீண்டு தாங்கும் போதிகையை அமைத்து, உத்தரத்தின் தாங்கா நீளத்தைப் பின்னும் குறைத்தனர். போதிகையை அழகுக்கென்றே அமைத்தனர் என்று கருதுவது தவறு. 1569இல் அரியநாத முதலியார் எடுத்த ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் நிற்பதற்கும், பெருமை காட்டும் விருப்பத்தோடு இக்காரணமும் உடன்நின்றது.

கல் உத்தரத்தின் வன்மையும் மென்மையும் அண்மைக் காலத்தில் மதுரை மக்களுக்குத் துயரமான முறையில் விளங்கின. திருமலை நாயக்கரின் தமையனார் காலத்தில் எழுந்த வீரவசந்தராயர் மண்டபத்தில் 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இரவு தீப்பற்றியது. நானூறு ஆண்டுகள் அசையாது நின்ற கற்கள் சில மணி நேர வெம்மையால் வெடித்தன. கூரையின் ஒரு பகுதி வீழ்ந்தது. தீ கீழிருந்து எழுந்தது. எந்த அடிப்புறம் இழுவிசையால் முன்னரே நலிந்திருந்ததோ, அவ்வடிப்புறத்தையே அது தாக்கிற்று. கல்லின் வெளிப்பகுதி சூடேறி விரிய, உட்பகுதி விரியாது நிற்க, வெடிப்புத் தோன்றும். அவ்வெடிப்பு இழுபடும் பகுதியிலே தோன்றினால் உத்தரம் நிற்பதரிது. காளவாசலில் 2020இல் திறக்கப்பெற்ற மேம்பாலத்தைக் காண்போர், அங்கே தூண்கள் எத்துணைத் தொலைவு தள்ளித் தள்ளி நிற்கின்றன என்பதனையும் காண்பர். அவ்வுத்தரங்களினுள்ளே எஃகு பொதிந்துள்ளது. நசுக்குதலைக் கற்காரை ஏற்க, இழுத்தலை எஃகு ஏற்கின்றது. திருமலை மன்னருடைய சிற்பியர்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

இனி அரண்மனைக்கு வருவோம். 1636ஆம் ஆண்டில் எழுந்த இவ்வரண்மனையில் மன்னர் வேண்டியது புது மண்டபத்தைப் போன்றதன்று. அரியணையில் வீற்றிருக்கும் அரசனை அவையிலுள்ளார் அனைவரும் தடையின்றிக் காணவேண்டும். அகன்ற முற்றமும், உயர்ந்த கூடமும், வானளாவிய மாடமும் வேண்டும். தூண்களை நெருங்க நிறுத்தினால் அவை தூணுக்குப் பின்னே மறைந்துவிடும். தூண்களை விலக்கினாலோ கல் உத்தரம் முறியும். இச்சிக்கலைத் தீர்க்க அவர் கொத்தர் கையாண்டது வில்வளைவு. அது தமிழ்நாட்டிற்கு முற்றும் புதிதன்று. தக்காணத்துச் சுல்தான்களின் கட்டடங்களிலும், விசயநகரத்துத் தாமரை மாளிகையிலும் அது முன்னரே சிறந்து விளங்கிற்று. எனினும், இத்துணை உயரத்தில், இத்துணை அகலத்தில் மதுரையார் அதற்குமுன் அதனைக் கண்டதில்லை.

வில்வளைவில் நீண்ட கல் எதுவும் இல்லை. கையில் அடங்கும் செங்கற்களே உள்ளன. மரச்சாரத்தின்மேல் இருபுறமிருந்தும் அவற்றை அடுக்கிக்கொண்டு வந்து, உச்சியிலே ஆப்புப் போன்ற இறுதிக் கல்லை இறுக்கி, காரை இறுகியபின் சாரத்தைப் பிரிப்பர். மேலிருந்து வரும் எடை ஒவ்வொரு செங்கல்லையும் அடுத்த செங்கல்லோடு நெருக்குகின்றது. எந்தச் செங்கல்லையும் இழுப்பதில்லை. நசுக்குதலைத் தாங்கும் பொருளுக்கு நசுக்குதலை மட்டுமே வேலையாகக் கொடுப்பது வில்வளைவின் திறம். ஆனால் இத்திறத்திற்கு ஒரு விலை உண்டு. மாணவர் இருவர் இரண்டடி விலகி எதிரெதிரே நின்று, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து பார்க்கட்டும். கைகளில் நெருக்கம் தோன்றும். அதனோடு பாதங்கள் பின்னோக்கி வழுக்கவும் முற்படும். வேறு இருவர் பின்னே வந்து தம் காலால் அப்பாதங்களைத் தடுத்தால்தான் அவர்கள் நெடுநேரம் நிற்க இயலும். வில்வளைவும் அவ்வாறே. தன்னைத் தாங்கும் தூண்களை அது கீழ்நோக்கி அழுத்துவதோடு, புறத்தேயும் உதைக்கின்றது. இவ்வுதைப்பைத் தடுப்பவர் இல்லையேல் தூண் சாயும், வளைவு விழும்.

அதனைத் தடுக்க அவர்கள் கையாண்ட வழிகளை இன்றும் அரண்மனையிற் காணலாம். தூண்களை மிகப் பருமனாக அமைத்தனர். 248 தூண்கள், 58 அடி உயரம், 5 அடி குறுக்களவு என்று கணக்குக் கூறுவர். மூன்று மாணவரேனும் கைகோத்தாலன்றித் தழுவ இயலாத அத்தூணின் எடையே உதைப்பை அடக்கும் முதற்கருவி. வளைவின் உதைப்பு பக்கவாட்டிலே செல்ல முயல, தூணின் எடை நேர்கீழே இழுக்க, இரண்டும் கூடிய விசை சாய்வாகத் தூணுக்குள்ளேயே இறங்கி நிலத்தை அடைகின்றது. அவ்விசை தூணின் அடிப்பரப்பைவிட்டு வெளியே போகாதவரையில் கட்டடத்திற்கு அச்சமில்லை. மற்றொரு வழி, வளைவுகளை வரிசையாகத் தொடுத்தது. ஒரு வளைவு தூணை வலப்பக்கம் உதைத்தால், அடுத்த வளைவு அதே தூணை இடப்பக்கம் உதைக்கின்றது. இரண்டும் ஒன்றையொன்று அடக்குகின்றன. வரிசையின் கடைசியில் நிற்கும் வளைவுக்குத்தான் எதிர்நிற்பார் இல்லை. அங்கே தடித்த சுவரையும் கனத்த மூலைக்கட்டையும் அமைத்தனர். இவ்வரிசையைச் சங்கிலி என்று எண்ணுக. ஒரு கண்ணி அறுந்தால் எஞ்சியவை என்னாகும் என்பதனைப் பின்னர்க் காண்போம்.

சொர்க்க விலாசம் என்னும் கொலுமண்டபத்தின் நடுவே எழும் கவிமாடம் இவ்வரண்மனையின் மணிமுடி. குறுக்களவு ஏறத்தாழ 60 அடி. உயரம் 70 அடிக்கு மேல். ஒரு மரவிட்டமும் அதனைத் தாங்கவில்லை. ஓர் இரும்பு உத்தரமும் தாங்கவில்லை. தூண்களின்மேல் வளைவுகள், வளைவுகளின்மேல் எண்கோணச் சுவர், அச்சுவரின்மேல் வட்டமாய்ச் சுருங்கி உயரும் மாடம் என எடை படிப்படியாகக் கைமாறி இறங்குகின்றது. கவிமாடம் என்பது எல்லாத் திசையிலும் திரும்பிய வில்வளைவே. அதில் உச்சிப்பகுதிக் கற்கள் வளையம் வளையமாக ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. அடிப்பகுதியோ வெளியே விரிய முயல்கின்றது. சாத்துக்குடிப் பழத்தின் பாதித் தோலைக் குடைந்தெடுத்து, மேசைமேற் கவிழ்த்து, உச்சியில் மெல்ல அழுத்திப் பாருங்கள். கீழ்விளிம்பு கிழிந்து விரியும். கவிமாடம் அவ்வாறு கிழியாமைக்காகவே அதன் அடியைச் சூழத் தடித்த சுவரும், சுற்றுக்கூடங்களும் அமைந்தன. ஏறிப்பார்ப்போர்க்கு அவை உலாவும் இடமாகத் தோன்றும்; மாடத்திற்கோ அவை இடைக்கச்சை.

தொங்கும் சங்கிலி எவ்வடிவில் வளைகின்றதோ, அவ்வடிவைத் தலைகீழாக்கினால் அதுவே நிலையான வளைவின் வடிவம் என்னும் உண்மையை இங்கிலாந்து நாட்டு அறிஞர் இராபர்ட் ஊக்கு என்பார் வெளியிட்டது 1675ஆம் ஆண்டில். திருமலை நாயக்கர் மறைந்து பதினாறு ஆண்டுகள் சென்றபின் எழுந்தது அவ்வுண்மை. மதுரைக் கொத்தர் அதனைக் கேட்டவரல்லர். ஆயினும் அவர் கட்டிய மாடம் நின்றது. உலகின் பெருங்கட்டடங்களுள் மிகப் பல, அவற்றின் காரணத்தை விளக்கும் நூல் எழுதப்படுவதற்கு முன்னரே எழுந்தவை.

இவ்வளைவுகளுக்கும் மாடத்திற்கும் கருங்கல்லை விடுத்துச் செங்கல்லைக் கொண்டமைக்கும் காரணம் உண்டு. ஒரு கன அடிக் கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ எடையுள்ளது. செங்கற்கட்டு அதில் மூன்றில் இரண்டு பங்கே இருக்கும். மேலே எடை குறைந்தால் கீழே உதைப்பும் குறையும். கோயிற் கோபுரங்களில் அடிநிலையைக் கருங்கல்லாலும் மேனிலைகளைச் செங்கல்லாலும் சுதையாலும் அமைத்துள்ளமையும் இக்கருத்துப் பற்றியே. அரண்மனைக்கு வேண்டிய செங்கல்லுக்கு மண் எடுத்த இடம், நகருக்குக் கிழக்கே வண்டியூர் என்பது வழிவழி வரும் செய்தி. மண் எடுத்த பள்ளத்தை வீணே விடாது, 1645இல் அதனைத் தெப்பக்குளமாக்கினார் மன்னர். ஏறத்தாழ 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் உடைய அக்குளத்தின் நடுவே மைய மண்டபமும் எழுந்தது. அவர் பிறந்த நாண்மீனாகிய தைப்பூசத்தன்று அங்கே தெப்பத் திருவிழா நிகழ்கின்றது. மண் எடுக்கையிற் கிடைத்த பெரிய பிள்ளையார் திருவுருவமே கோயிலில் முக்குறுணிப் பிள்ளையாராக அமர்ந்துள்ளது என்பர்.

செங்கல்லைச் செங்கல்லோடு சேர்ப்பது சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால், அதனுள் இருந்த கரிவளி வெளியேறும். எஞ்சிய நீற்றைத் தண்ணீர் விட்டுத் தாளித்து, மணலோடு கலந்து அரைத்துப் பூசினால், காற்றிலுள்ள கரிவளியைச் சிறிது சிறிதாக உண்டு மீண்டும் கல்லாகும். கல்லாய்ப் பிறந்து, நீறாய் வெந்து, மறுபடியும் கல்லாவது அதன் வரலாறு. இம்மாற்றம் ஆண்டுக்கணக்கில் நிகழும். ஆகவே கட்டடம் சிறிது தாழ்ந்தும் அசைந்தும் நிலைகொள்ளும் காலத்தில் காரை முறியாது வளைந்துகொடுக்கும். கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் சேர்த்து அரைப்பது நம் கொத்தர் மரபு. தூண்களின் மேற்பூச்சில் முட்டையின் வெண்கருவைக் கூட்டி, பளிங்குபோலத் தேய்த்தனர். பூச்சினால் அழகு கூடியதோடு, மழைநீர் உட்புகாது காக்கப்பெற்றது.

இம்மாடங்களைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. மன்னர் பள்ளிகொள்ளும் அறையின் மேற்கூரையிலே கள்வன் ஒருவன் துளையிட்டு, தொங்குகட்டிலின் சங்கிலியைப் பற்றி இறங்கி, அணிகலன்களைக் கவர்ந்து சென்றானாம். அவன் வந்து உண்மை கூறினால் நிலம் அளிப்பதாக மன்னர் பறையறைவித்தார், கள்வனும் வந்தான், சொன்னபடி நிலத்தை அளித்து, களவுக்குத் தண்டமாக அவன் தலையையும் கொய்வித்தார் என்று கதை முடிகின்றது. அஃது எவ்வாறாயினும், துளையிட்டபோது மாடம் ஏன் இடிந்து வீழவில்லை என்று கேட்கும் மாணவன் கூரிய அறிவினன். ஆற்றின் நடுவே பாறை நின்றால் நீர் இருபுறமும் ஒதுங்கிச் செல்வதுபோல, மாடத்திற் சிறு துளை நேர்ந்தால் எடை அத்துளையைச் சுற்றி இறங்கிவிடும். மாடத்தின் உச்சியில் துளையிட்ட கள்வனால் அதனை வீழ்த்த இயலாது; அடியிலே தாங்கும் ஒரு தூணை எடுப்பவனாலேதான் இயலும்.

திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காது விட்ட பணி ஒன்றும் உண்டு. புது மண்டபத்திற்குக் கிழக்கே நிற்கும் இராயகோபுரம் அது. அதன் அடிநிலை ஏறத்தாழ 174 அடிக்கு 107 அடி. ஒரே கல்லாலாகிய நெடிய நிலைக்கால்கள் அதன் வாயிலில் நிற்கின்றன. அடிநிலையை இத்துணை அகலமாக அமைத்தமையே, மேலே எழவிருந்த கோபுரம் எத்துணை உயர்ந்ததாக இருந்திருக்கும் என்பதனைக் காட்டும். வானந் தோண்டும்போதே உயரத்தை உள்ளத்திற் கொள்ளவேண்டும். ஒரே எடையைச் சிறிய இடத்தில் இறக்கினால் மண் அமிழும். பரந்த இடத்தில் இறக்கினால் மண் பொறுக்கும். சேற்று நிலத்திலே நடப்பவன் பலகை இட்டு நடப்பதும் இதனாலேதான். இராயகோபுரத்தின் பலகை விரிக்கப்பட்டது, சுமை ஏறவில்லை. 1659இல் மன்னர் மறைந்தார். பின்வந்தவர் எவரும் அதனை மேலெழுப்பினாரல்லர்.

அரண்மனைக்கு நேர்ந்தது அதனினும் கொடிது. திருமலை நாயக்கரின் பேரனாராகிய சொக்கநாத நாயக்கர் தலைநகரை மீண்டும் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். அங்கே மாளிகை எடுக்கவேண்டி, பாட்டனார் கட்டிய அரண்மனையிலிருந்து தூண்களையும் வேலைப்பாடமைந்த பொருள்களையும் பெயர்த்து எடுத்துச் செல்வித்தார். பேரனுக்குப் பாட்டன் சொத்தில் உரிமை உண்டு என்பதனை எவரும் மறுக்கார். ஆயின் வளைவுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் மாளிகையிலே ஒரு பகுதியைப் பெயர்ப்பது, பொற்குவையிலிருந்து சில காசுகளை எடுப்பது போன்றதன்று. பெயர்த்த தூணோடு அது தடுத்திருந்த உதைப்பும் கட்டவிழ்கின்றது. அடுத்த வளைவுக்கு எதிர்நிற்பார் இல்லாமற் போகின்றது. அது தளர, அதற்கடுத்ததும் தளர்கின்றது. பிளவு வழியே மழைநீர் இறங்கிச் சுதையை அரிக்கின்றது. அவ்விடத்தில் ஆலும் அரசும் வேரூன்றுகின்றன. எடுத்துச் சென்றவை சில. அவற்றின் பின்னே தாமாக வீழ்ந்தவை பல. திருமலை நாயக்கர் எடுத்த அரண்மனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இன்று எஞ்சியுள்ளது. பகைவர் படைகள் பலவற்றைக் கண்ட மதுரையில், இம்மாளிகைக்கு முதலடி கொடுத்தவர் அவர் குடியிற் பிறந்தவரே.

அதன்பின் இருநூறு ஆண்டுகள் அரண்மனை கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பெருமகனார் அதனைக் கண்டு இரங்கி, செப்பனிட ஆணையிட்டார். இராபர்ட் சிசோம் என்னும் கட்டடக்கலை வல்லுநர் அப்பணியில் ஈடுபட்டார். பிளந்த வளைவுகள் சேர்க்கப்பெற்றன. தளர்ந்த பகுதிகள் வலுப்பெற்றன. பின்னர் நெடுங்காலம் அங்கே நீதிமன்றம் நடைபெற்றது; மன்னர் முறை கேட்ட கூடத்தில் வழக்கறிஞர் வழக்குரைத்தனர். 1970இல் நீதிமன்றம் அவ்விடத்தைவிட்டு அகன்றது. இன்று மாநிலத் தொல்லியல் துறையின் காப்பில் மாளிகை உளது. கவிமாடத்தின்கீழே நின்று அண்ணாந்து நோக்கும் மாணவர், ஓவியங்களோடு வளைவுகள் தொடங்கும் இடங்களையும், அவை தூணிற் சென்று அமரும் இடங்களையும் சேர்த்து நோக்குவாராக.

அரண்மனைக்கு வடக்கே, கடைகள் நெருங்கிய சந்து ஒன்று உளது. அதற்குப் பத்துத்தூண் சந்து என்று பெயர். அரண்மனை முன்னர் எவ்வளவு தொலைவு பரவியிருந்தது என்பதனைக் காட்டும் பத்துப் பெரிய கற்றூண்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேலிருந்த வளைவுகள் இல்லை; கூரையும் இல்லை. தத்தம் எடையை மட்டும் சுமந்துகொண்டு, துணி விற்போரும் வாங்குவோரும் தம் அடியிலே நெருங்கிச் செல்ல, அத்தூண்கள் இன்றும் சாயாது நிற்கின்றன.